நாற்பத்தொரு நடை

1
இந்தக் கதை ஒரு பூஜ்யத்திலிருந்து வந்தது. ஆரியசாலையில் புகையைக் குறைக்கப் போகிறோம் என்று தெருவில் போகும் வண்டிகளை மாநகராட்சி ஆட்கள் இரண்டு நாள் எண்ணினார்கள். முதல் நாள் மாலை, எண்ண வந்த சபீனா என்ற பெண் டீக்கடை மேசையில் தாளை விரித்தாள். கார், பைக், ஆட்டோ எல்லாவற்றுக்கும் எதிரே எண். கைவண்டிக்கு எதிரே பூஜ்யம்.

அந்தத் தெருவின் அரிசி மூட்டைகளை என் அண்ணன் கோமதிநாயகம் இருபத்தாறு வருடமாகக் கைவண்டியில் இழுக்கிறார். நானும் எட்டு வருடம் இழுத்தவன்.

2
தொடக்கம் ஒன்று: தளர்ந்த கால்களோடு அந்த ஏழைத் தொழிலாளி...
(நிறுத்திவிட்டேன். அண்ணனுக்குத் தளர்ந்த கால் கிடையாது. எட்டு மூட்டையை இழுத்துக்கொண்டே போனில் அண்ணியோடு சண்டையும் போடுவார்.)

தொடக்கம் இரண்டு: புகையில்லாத நகரம் என்னும் நாளைய கனவு...
(பொய். அந்த நகரம் தினமும் காலை ஐந்து மணிக்கே கைவண்டிகளோடு ஆரியசாலைக்கு வந்துவிடுகிறது.)

3
பூஜ்யம் விழுந்தது எங்களால்தான். கடை திறந்த பிறகு தெருவில் கைவண்டி நிற்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் முறை.* எட்டரைக்குள் கடைசி மூட்டையும் இறங்கிவிடும். எண்ணுகிறவர்கள் ஒன்பதுக்கு வந்தார்கள். எண்ணிக்கையில் இல்லாத வண்டிக்கு, புகையைக் குறைக்கும் புது ஏற்பாட்டில் தெருவுக்குள் வர அனுமதி இல்லையாம். ஆறு வண்டி, ஆறு குடும்பம்.

* சட்டமெல்லாம் இல்லை. கௌரவம்.

4
மறுநாள், எண்ணுகிறவர்கள் வரும் ஒன்பது மணி வரை ஆறு பேரும் வண்டியைத் தொடவில்லை. அண்ணனை வாட்டியது வெயில் என்று முதலில் எழுதியிருந்தேன். வெயில் அவருக்கு ஒரு பொருட்டல்ல. மூட்டை வராமல் திறந்து கிடந்த கடைகளைப் பார்க்கத்தான் முடியவில்லை. அரிசிக்கடை ஆறுமுகநயினார் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னவே கோமதி, உறங்கிப் போயிட்டீரா?"

அண்ணன் கடைக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பதானதும் இழுத்தார். பின்னால் ஆட்டோக்கள் ஹாரனை அழுத்தின. நடுத்தெருவில் சபீனா மறித்தாள்.

"சேட்டா, ஃபாரத்துல எழுதணும். இது ஓடுறது பெட்ரோலிலா, கரண்டிலா?"

"கஞ்ஞியும் பயறும்."

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் கோடு போட்டாள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு கோடு.

5
முடிவு அ: அனுமதி வருகிறது. முடிவு ஆ: வரவில்லை, அண்ணன் கழக்கூட்டம் பக்கம் ஏதோ ஒரு கட்டடத்துக்குக் காவலாளியாக...

இரண்டையும் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டது வேறு.

"மொத்தம் எத்தனை நடைன்னு போட்டிருக்கே?"

"சுமார் நாற்பது."

"எலே, நாப்பத்தொண்ணு. ஒழுங்கா எழுது."

அடித்துத் திருத்திவிட்டேன். உத்தரவு இன்னும் வரவில்லை. அது வராமல் நானாக ஒரு முடிவை வைக்க மாட்டேன். எண்ணி முடித்த மறுநாளே எட்டரைக்குத் தெரு பழையபடி காலியாகிவிட்டது. ஒன்பது மணிக்கு அங்கே போனால் எங்களில் ஒருவரையும் நீங்கள் பார்க்க முடியாது.

எண்ணுவதாக இருந்தால் ஐந்துக்கு வாருங்கள்.