வழியனுப்ப வந்த கூட்டம்

ரயிலை வழியனுப்ப எல்லோரும் காரில் வந்திருந்தார்கள். ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைதோவில் ஓடிய அந்த ஒற்றைப் பெட்டி ரயிலுக்கு அன்றோடு முடிவு. வருஷம் முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஸ்டேஷனில், முழங்கால் அளவு பனியில் கேமரா ஸ்டாண்டுகளை நட்டுக்கொண்டு டோக்கியோ ஜனம் நெருக்கியடித்து நின்றது. எழவு வீட்டில்கூட யாரும் இவ்வளவு சந்தோஷமாக மூக்கைச் சிந்தி உள்ளூர்க்காரி ஃபுமியே பார்த்ததில்லை.

துறைமுக நகரத்து ஆஸ்பத்திரியில் அவள் கணவர் செய்ஜிக்கு அன்று காலை இதய ஆபரேஷன். மயக்க மருந்து கொடுப்பதற்குள் போய் முகத்தைக் காட்டிவிட வேண்டும். நேற்றே கிளம்பியிருப்பாள், பனிப்புயலில் ரயில் ஓடவில்லை. வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ரயில் வந்தது. உள்ளே எள் போட இடமில்லை. வாசலை அடைத்து நின்றவன் தொப்பி முழுக்க ரயில் பொம்மை குத்தியிருந்தான்.

"இடமில்லம்மா. அடுத்த வண்டியில வாங்களேன்."

"அடுத்தது சாயங்காலம்தான் தம்பி. இதுகூடத் தெரியாமலா இது மேல உசுரா இருக்கீங்க?"

முழங்கையால் இடித்துக்கொண்டு ஏறினாள். பனிக்காலம் முழுக்க அவளை மட்டுமே ஏற்றிக்கொண்டு போன டிரைவர், தானே குற்றம் செய்தவர் மாதிரி தலை குனிந்தார்.

பாதி வழியில், பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. தண்டவாளத்தின் நடுவில் ஒரு கும்பல். பனியைக் கிழித்துக்கொண்டு ரயில் வருவதை நேருக்கு நேர் படம் எடுக்க வேண்டுமாம். ஹாரன் அலறியது. "ஒரே நிமிஷம்" என்று ஒருவன் விரலைக் காட்டினான். டிரைவர் இறங்கி, இடுப்பளவு பனியில் நின்று கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். அவரையும் படம் எடுத்தார்கள்.

ஃபுமியே ஜன்னலைத் திறந்தாள். பனி முகத்தில் அறைந்தது.

"வழிய விடுங்கய்யா! என் வீட்டுக்காரர ஆபரேஷனுக்குக் கொண்டுபோறாங்க!"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாக் கேமராக்களும் அவள் பக்கம் திரும்பின.

"பிரமாதம்! அப்படியே இருங்கம்மா," என்றான் தொப்பிக்காரன். டிவிக்காரப் பெண் ஒருத்தி மைக்கை மூக்கடியில் நீட்டினாள். மனிதப் பிறவிகளா இவர்கள்!

அவள் ஓட்டமாக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது ஆபரேஷன் அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"உங்களைத்தான் கேட்டுட்டே இருந்தாருங்க," என்றாள் நர்ஸ். "இப்பதான் உள்ள கொண்டுபோனோம்."

ஃபுமியே நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள். எதிரே சுவரில் இருந்த டிவியில் அவளுடைய முகமே தெரிந்தது. கண்ணீர் வழிந்தது, வாய் அசைந்தது, குரலுக்குப் பதில் பியானோ வாசித்தார்கள். 'அன்பு ரயிலுக்கு ஊர்ப்பெண்ணின் கண்ணீர்' என்று கீழே எழுத்து ஓடியது.

பக்கத்து நாற்காலிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்கதானேங்க அது? அந்த ரயில் மேல அவ்வளவு பிரியமா?"

"பிரியமெல்லாம் இல்லீங்க. நேரத்துக்குக் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். இன்னிக்கு ஒரு நாள் எல்லாரும் பிரியம் வச்சாங்க. லேட்டாயிருச்சு."