உப்புத் தண்ணீரில் ஒரு பச்சை வளையம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் அக்கா ஓர் ஆய்வகத்தில் கொழுப்புக் குமிழிகள் செய்கிறாள். நான் கதைகள் செய்கிறேன். ஒரு நாள் அவளுடைய நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். இருட்டுக்குள் மெல்லிய பச்சை வளையம் ஒன்று தன்பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் எழுதியும் அப்படி ஒன்றை என்னால் செய்ய முடிந்ததில்லை.

முதல் வரி: கடலின் ஆழத்தில் ஒரு குமிழி, தன்னந்தனியாக...

"கடல் எங்கடா வந்துச்சு? ரத்தத்துல இருக்கிற அளவு உப்புதான்," என்றாள் அக்கா. அதோடு அந்த வரி போயிற்று.

2

[விளக்கம் பிடிக்காதவர்கள் மூன்றுக்குத் தாவலாம். தாவினால் வருத்தப்படுவேன்.]

அந்தக் குமிழி மருந்து சுமக்க வேண்டியது. வெளியே தண்ணீர், உள்ளே தண்ணீர், நடுவில் கொழுப்பாலான தோல், அவ்வளவுதான். தோலில் எதிர் மின்னூட்டம். அதற்குச் சட்டை மாட்ட, நேர் மின்னூட்டம் கொண்ட பாலிமர் இழைகளை விடுகிறார்கள். ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்கின்றன என்றுதான் நானும் நினைத்தேன். அது பாதிக் கதையாம். இழையையும் தோலையும் உப்பின் துகள்கள் மொய்த்துக் கிடக்கின்றன. இழை தோலில் படியும்போது அவை விடுபட்டுத் தண்ணீருக்குள் ஓடிவிடுகின்றன. ஒட்டுதலுக்குப் பெரிய பலம் அந்த விடுதலையில்தான் இருக்கிறது. கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. இரண்டு பேர் சேர, யாரும் பார்க்காத ஒரு கூட்டம் விடுதலையாக வேண்டியிருக்கிறது!

(இங்கே கல்யாணத்தைப் பற்றி ஓர் உவமை இருந்தது. அக்கா முறைத்தாள்.)

ஆனால் தண்ணீரே உப்பாக இருந்தால், வெளியிலும் அதே நெரிசல். துகள்கள் ஓடிப்போய் என்ன லாபம்? பிடி தளர்ந்துவிடும். அக்காவின் இழை மட்டும் ரத்த உப்பிலும் விடவில்லை. நாளைக்கு அதை ஒரு மாநாட்டில் எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்கப் போகிறாள். பல வருட உழைப்பு.

3

இன்று காலை பல் தேய்க்கும்போது அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இழை கண்ணுக்குத் தெரியாது. தெரிவதற்காக அதில் பச்சைச் சாயம் கோத்திருக்கிறாள்; நான் பார்த்த வளையம் அதுதான். அந்தச் சாயத்துக்கும் கொழுப்பு பிடிக்கும். அப்படியானால் குமிழியைப் பிடித்திருப்பது இழையா, சாயமா?

[இவ்வளவு கெட்டிக்காரிக்கு இது முன்பே தோன்றாதா? வாசகர் நம்புவாரா? கேட்டேன். "தோணுச்சுடா. வளையம் அவ்வளவு அழகா இருந்துச்சு, விட்டுட்டேன்."]

குமிழிகள் விட்ட இரண்டு கண்ணாடித் தகடுகள் தயார் செய்தாள். ஒன்றில் சாயம் கோத்த இழை, மற்றதில் வெறும் சாயம். அவளுக்குத் தெரியாமல் அவற்றை மாற்றிக் கலைத்துவைப்பது என் வேலை.

"ரெண்டுலயும் வளையம் இருந்தா?"

"அப்ப நாளைக்குப் போய், நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லணும். நீ வெளிய போ. உன் மூஞ்சியே காட்டிக்குடுத்துடும்."

4

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முடிவு அ: இழை உள்ள தகட்டில் மட்டும் வளையம். அக்கா என் தலையில் குட்டிக் கூத்தாடுகிறாள்.

முடிவு ஆ: இரண்டிலும் வளையம். அவள் விளக்கை அணைத்துவிட்டு... இதற்குக் கை வரவில்லை.

கதவு திறந்தது. அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணுல பளிச்சுனு இருக்கு. இன்னொண்ணுல இருக்கிற மாதிரியும் தெரியுது, இல்லாத மாதிரியும் தெரியுது. இருக்கக் கூடாதுன்னு எனக்கு ஆசை. என் கண்ணை எப்படி நம்புறது?"

"மெஷின் அளக்காதா?"

"எங்க அளக்கணும்னு காட்டுறதே நம்ம கண்ணுதாண்டா."

"நான் பாக்கட்டுமா?"

"உனக்கு விடை தெரியும், உன் சாட்சி செல்லாது. விடை தெரியாத ஆள் வேணும். ஆசைப்படாத ஆள் வேணும்."

5

எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. எந்தத் தகடு எது என்று உங்களிடம் நான் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய், கண்ணை வைத்து, கண்டதைச் சொல்லிவிடுங்கள். அதுதான் கதையின் முடிவு.

ஒரு நிமிடம். இவ்வளவு நேரம் அக்காவின் பக்கத்திலேயே உங்களை உட்கார வைத்துவிட்டேனே. அவள் ஜெயிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? கொஞ்சமாவது?

அப்படியானால் உங்கள் சாட்சியும் செல்லாது. இதோ, பெஞ்சில் நகர்ந்துகொள்கிறேன், உட்காருங்கள்.