ஜூன் ஒன்றுக்காரர்கள்

ஒரு பிறந்தநாளின் விலை எழுபத்தைந்து ரூபாய். வடை பாயசத்தோடு என்றால் தொண்ணூறு. ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்த அந்தக் குழந்தைகள் இல்லத்தின் வாசல் கரும்பலகையில் இப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள். கீழே ஒரு வரி: ‘குழந்தைகள் வாழ்த்துப் பாடுவார்கள். அதற்குக் கட்டணம் இல்லை.’ எழுபத்துநாலாம் வருஷம், அரிசி விலை ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்த நேரம். அந்த விலைக்கு நாற்பத்திரண்டு வாய்களிலிருந்து வாழ்த்து என்பது கொள்ளை மலிவு.

அந்த நாற்பத்திரண்டு வாய்களில் ஒன்று நீரஜாவுடையது. வயது ஒன்பது. தொழிலில் நல்ல பேர். பாட்டு எப்போதும் ஒரே பாட்டுதான், நடுவில் பெயர் மட்டும் மாறும். டாக்டர் வீட்டுப் பேரன், மில்காரர் மகள், எண்பது வயது ரிட்டயர்டு ஜட்ஜ் என்று யார் வந்து நின்றாலும் பெயரை ஒரு தடவை காதில் வாங்கினால் போதும், எடுத்த சுருதி தவறாமல் பாடிவிடுவாள். பாடி முடித்துக் கைதட்டிச் சிரித்து, “தாங்க்ஸ் ஆன்ட்டி” சொன்ன பிறகே இலையில் கை வைக்கலாம். அதுதான் இல்லத்தின் முறை.

ஜூலை பத்தொன்பதாம் தேதி அந்தத் தொழிலில் விரிசல் விழுந்தது. அன்றைக்குத் தொண்ணூறு ரூபாய் கட்டியிருந்தவள் பக்கத்துத் தெரு பங்களா அம்மாள். பிறந்தநாள் அவளுக்கில்லை, அவளுடைய நாய்க்கு. பெயர் பிரின்ஸ். வெள்ளைப் பஞ்சுமூட்டைக்குக் கால் முளைத்தாற்போல் ஒரு பொமரேனியன். கழுத்தில் ரிப்பன் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

நாற்பத்தோரு வாய்கள் பாடின. ஒரு வாய் மூடியே இருந்தது.

“வாயைத் திறடி,” என்று பல்லைக் கடித்தபடி சிரித்தாள் வார்டன் சுந்தரவல்லி. நன்கொடையாளர்கள் முன்னால் திட்டும்போது சிரிக்கவும் தெரிந்த பெண்மணி அவள்.

நீரஜா திறந்தாள். பாட்டு வரவில்லை. கேள்வி வந்தது.

“ஆன்ட்டி, இதுக்கு இன்னிக்குத்தான் பிறந்தநாள்னு எப்படித் தெரியும்?”

“சர்ட்டிபிகேட் இருக்கும்மா,” என்றாள் பங்களா அம்மாள் பெருமையாக. “அப்பா பேர், அம்மா பேர், பிறந்த மணி எல்லாம் போட்டிருக்கு.”

அன்று பாயசத்தில் முந்திரி மிதந்தது. நீரஜா அதைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிட்டாள். அந்த இல்லத்தில் ஒரு குழந்தை முந்திரியைத் தள்ளினால் ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது வழக்கம். சுந்தரவல்லியும் தொட்டாள். சூடு இல்லை.

“என்னடி ஆச்சு உனக்கு?”

“எனக்கு எது வார்டனம்மா பிறந்தநாள்?”

“ஜூன் ஒண்ணு.”

“அது எல்லாருக்கும்.”

உண்மைதான். பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஜூன் ஒன்று என்று எழுதுவார். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் என்பதால் வயசுக் கணக்கு இடிக்காமல் உட்காரும். அதனால் அந்த வீட்டில் நாற்பத்திரண்டு பேரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். ஆளுக்கொரு பாட்டு என்று ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும் என்பதால் அன்றைக்கு யாருக்குமே பாடுவதில்லை. ஆளுக்கு ஒரு கரண்டி கேசரி, அவ்வளவுதான்.

“பொதுவா இருந்தா என்னடி? குழாய்கூடப் பொதுவாத்தானே இருக்கு?”

“அதான் வார்டனம்மா. அந்தக் குழாய்ல என்னிக்காவது எனக்கு முதல்ல தண்ணி வந்திருக்கா?”

சுந்தரவல்லி போய் ஸ்டோர் ரூமில் பருப்பு டின்னை ஏழெட்டுத் தடவை இடம் மாற்றி வைத்தாள்.

மறுநாள் காலையில் காய்காரி முனியம்மாள் கூடையை வாசலில் இறக்கினாள். பை பிடிக்கிற வேலை நீரஜாவுக்கு. சுந்தரவல்லி கத்தரிக்காய்க்கு அடிமாட்டு விலை கேட்டாள். முனியம்மாள் ஒப்பாரி வைத்தாள். சுந்தரவல்லி முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே நாலடி நடந்தாள். முனியம்மாள் கூப்பிட்டு அதே விலைக்குக் கொடுத்தாள்.

“நஷ்டம்னீங்க, அப்புறம் ஏன் குடுத்தீங்க?” என்று கேட்டாள் நீரஜா.

“இன்னா கண்ணு பண்றது, போணி ஆச்சே! மொத ஆளை வெறுங்கையோட தொரத்துனா அன்னிக்குப் பூரா யாவாரம் பட்த்துக்கும்.”

“எல்லாக் கடையிலயும் இப்பிடித்தானா?”

“காய்க்கடை இன்னா, நகைக்கடை இன்னா? தராசு புட்ச்சவன் அத்தினி பேருக்கும் போணி கீது.”

நீரஜா பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கத்தரிக்காயைவிடக் கனமான ஒரு சரக்கு இப்போது அவள் மண்டையில் இருந்தது.

திங்கட்கிழமை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் வரிசை மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் ஊர்ந்தது. வரிசையின் வாலில் இருந்த நீரஜா அறுந்துகொண்டு ஒரு ஜவுளிக்கடைப் படியேறினாள். சண்முகசுந்தரம் அண்ணாச்சியின் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு தையல் மிஷினும் நாலு முழம் காடாத் துணியுமாகத் தொடங்கி, இப்போது பட்டு விற்கிறவர். வருஷத்தில் நாலு தடவை இல்லத்துக்கு விருந்து போடுகிறவர். அதனால்தான் நீரஜா இவரைத் தேர்ந்தெடுத்தாள்.

கடையில் அப்போதுதான் சாம்பிராணி போட்டிருந்தார்கள். கணக்கர் ராஜரத்தினம் நிமிர்ந்து பார்த்து, “போ பாப்பா, ஸ்கூலுக்கு நேரமாகலை?” என்றார்.

“வே! போணி நேரத்துல போன்னா சொல்லுதீரு?” என்று பாய்ந்தார் அண்ணாச்சி. பிறகு தேன் குழைத்து, “வா தாயி. என்ன வேணும்? ரிப்பனா, கர்ச்சீப்பா?”

“ஒரு நாள் வேணும்.”

“என்னது?”

“பிறந்தநாளுக்கு. உங்ககிட்ட நாலு இருக்கு. உங்களுக்கு, வீட்டம்மாவுக்கு, உங்க பையன் ஜவஹர் தம்பிக்கு, கடைக்கு. கடையோடதைக் குடுங்க. போன வருஷம் செப்டம்பர் ஏழாம் தேதி கடைக்குத் தொண்டை கிழியப் பாடினேன். கடை ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்கலை.”

ராஜரத்தினம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து அனுப்பியிருந்தால் தப்பியிருப்பார். ஆனால் முப்பது வருஷப் பழக்கம் நாக்கில் உட்கார்ந்திருந்ததே! யார் எதைக் கேட்டாலும் அந்த நாக்கு ஒரு விலை சொல்லிவிடும்.

“ஒரு ரூவா ஆகும் தாயி,” என்றார் விளையாட்டாக.

விலை சொன்னவன் பாதி விற்றவன். நீரஜாவின் கண் மின்னியது.

“முப்பது பைசா.”

“அட, கடை நாளும்மா! அந்த நாளைக் கண்ணுல பாக்கறதுக்கு நான் எத்தனை நாள் பட்டினி கெடந்திருக்கேன் தெரியுமா?”

“பழைய நாள்தானே? பதினோரு வருஷம் நீங்களே உபயோகிச்சிருக்கீங்க.”

“எம்பது. கடைசி விலை.”

நீரஜா பாவாடையை உதறினாள். வாசலைப் பார்த்து நாலடி நடந்தாள். மூன்றாவது அடியைக் கொஞ்சம் குட்டையாக வைத்தாள். கூப்பிடாவிட்டால்? ஜூன் ஒன்றும் ஒரு கரண்டி கேசரியும்தான் ஆயுசுக்கும்.

“ஏ தாயி! வா வா, படி எறங்காத! முப்பதுக்கே எடுத்துக்கோ!”

அவள் திரும்பி வந்து சில்லறையை எண்ணி வைத்தாள். வந்துபோன யாரோ கையில் திணித்த காசுகள், ஆறு மாதமாக ஜாமெட்ரி பெட்டியில் கிடந்தவை. அண்ணாச்சி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெட்டியில் போடும்போது என்ன நினைத்தாரோ, “வேய், பில் போடும்,” என்றார். ராஜரத்தினம் போட்டார்: செப்டம்பர் 7, ஒன்று, முப்பது பைசா.

“பாயசம் தனியா?” என்று கேட்டாள் நீரஜா.

“நாள் மட்டுந்தான் வித்திருக்கேன். ஓடு, மணியடிச்சிரப் போறான்!”

அன்று அண்ணாச்சிக்கு இரண்டு கல்யாண ஜவுளி வந்து விழுந்தது. வராமல் போயிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

மறுநாள் காலை சாம்பிராணிப் புகைக்குள்ளிருந்து சந்திரமௌலி என்ற இல்லத்துப் பயல் தோன்றினான். கையில் ஒரே ஒரு கோலிகுண்டு. “எனக்கும் ஒண்ணு,” என்றான். சரக்கு இல்லை என்று போணி நேரத்தில் சொல்லலாமா? அண்ணாச்சி தலையைச் சொறிந்து தன் கல்யாண நாளைக் கொடுத்தார். அதற்கடுத்த நாள் ஒரு பெண் மயிலிறகோடு வந்தாள். அவளுக்கு அவர் மெட்ராஸில் ரயிலிறங்கிய நாள். அப்புறம் சேல்ஸ் டாக்ஸ் வழக்கில் ஜெயித்த நாள், மாமியார் மூன்று மாதம் தங்கிவிட்டு ஊருக்குப் புறப்பட்ட நாள் என்று நல்ல நாட்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கரைந்தன. கைவசம் தீர்ந்ததும் எதிர்க் குடைக்கடை அப்துல் வஹீத் பாயிடம் கைமாற்று வாங்கினார். “போன வருஷம் அடைமழை புடிச்ச நாள் ஒண்ணு இருக்கு அண்ணாச்சி, அன்னிக்கு மட்டும் நூத்திப்பத்து குடை. நல்ல ராசி, எடுத்துக்குங்க,” என்றார் பாய்.

இல்லத்தின் கரும்பலகையில், விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில், பெயரும் தேதியுமாகப் புதுப் பட்டியல் வளர்ந்தது. சுந்தரவல்லி தடுக்கவில்லை. சாக்பீஸ் தீர்ந்தபோது புதுப் பெட்டி எடுத்துக் கொடுத்தாள்.

செக்ரட்டரி ராஜகோபாலன் பலகையைப் பார்த்தது ஆகஸ்ட் கடைசியில். மயிலாப்பூர்க்காரர், ஏஜி ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவர். நேராக அண்ணாச்சிக்கு ஆளனுப்பி வரவழைத்தார்.

“என்ன ஓய் கூத்து இது? ரிஜிஸ்டர்ல ஜூன் ஒண்ணு இருக்கு. பலகையில கண்டபடி தேதி இருக்கு. டோனர் வந்து பார்த்தா என்ன நெனச்சுப்பா? எல்லாத்தையும் அழிச்சுடப்போறேன்.”

கதவுக்குப் பின்னால் நீரஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செப்டம்பர் ஏழுக்கு இன்னும் எட்டே நாள்.

“ரிஜிஸ்டர் உங்க சரக்கு சாமி. நான் தொடல,” என்றார் அண்ணாச்சி. “நாள் என் சரக்கு. வித்துட்டேன். வித்த சரக்கைத் திரும்ப வாங்குறதில்லைன்னு கடையில போர்டே தொங்குது. அழிச்சீங்கன்னா இந்தப் புள்ளைகள்லாம் நாளைக்குக் கோலிகுண்டு வாபஸ் கேட்டு என் கடைப் படியில நிப்பாங்க. அதுவும் போணி நேரத்துல.”

ராஜகோபாலன் யோசித்தார். முப்பத்தைந்து வருஷம் கேட்ட கேள்வியையே கேட்டார்.

“இதுல இல்லத்துக்கு எதாவது செலவு உண்டா?”

“ஒரு பாட்டுதான் சார்,” என்றாள் சுந்தரவல்லி.

“ஓசியா?”

“ஓசிதான்.”

“அப்போ நடத்துங்கோ,” என்று குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

செப்டம்பர் ஏழு சனிக்கிழமை. அண்ணாச்சி பாயச அண்டாவோடு வந்திறங்கினார். கடைக்குத்தான் என்று அடித்துச் சொன்னார். நீரஜாவை நடுவில் நிறுத்தினார்கள். சுந்தரவல்லி கையசைத்ததும் நாற்பத்தோரு வாய்களும் திறந்தன.

கூடவே நாற்பத்திரண்டாவதும் திறந்து, எல்லாரையும்விடச் சத்தமாக, “நீரஜாவே வாழ்க” என்று கைதட்டிப் பாடியது.

“அடியே! உனக்குத்தான்டி பாடறாங்க. நீ சும்மா இரு!” என்று அதட்டினாள் சுந்தரவல்லி.

பாட்டு நின்றது. மறுபடி தொடங்கியது. நீரஜா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடினால் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பின்னால் கட்டினாள், முன்னால் கட்டினாள், கடைசியில் சுந்தரவல்லியின் இடுப்புச் சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். தன் பெயர் இவ்வளவு நீளமானதென்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அவர்கள் இழுத்துப் பாடியதில் அது முடியவே இல்லை. முடிந்தபோது, பழக்கதோஷத்தில் எல்லாரையும் பார்த்து, “தாங்க்ஸ் ஆன்ட்டி” என்றாள். அண்ணாச்சியையும் பார்த்துத்தான்.

அண்ணாச்சி தோள் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார். “அண்டாச் சூடு,” என்றார் யாரும் கேட்காமலே.

அன்று முந்திரி யார் இலைக்கும் தள்ளப்படவில்லை. அடுத்த இலையிலிருந்து இரண்டு குறைந்ததாகப் புகார் வந்தது.

சாயங்காலம் நீரஜா ஸ்டூல் போட்டு ஏறிக் கரும்பலகையில் கணக்குப் பார்த்தாள். நாளில்லாதவர்கள் இன்னும் இருந்தார்கள். அவர்களில் கடைக்குட்டி கபாலி தீபாவளிதான் வேண்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டு, ஊர் மொத்தமும் அதற்குப் பங்காளி என்பதால் பேரம் படியாமல் நின்றான்.

சுந்தரவல்லி துடைப்பத்தோடு வந்து கீழே நின்றாள்.

“வார்டனம்மா, உங்களுக்கு எது?”

“எனக்கென்னடி இந்த வயசுல?”

“இல்ல, எது?”

சுந்தரவல்லி தெருப் பக்கம் பார்த்தாள். “எங்கப்பா ஏழாவது பொண்ணுக்கெல்லாம் தேதி குறிச்சு வைக்கிற ஆள் இல்லடி. ஸ்கூல்ல சேர்க்கும்போது வாத்தியார்தான் எழுதினார்.”

“என்னன்னு?”

“ஜூன் ஒண்ணுன்னுதான்.”

நீரஜா எழுதியிருந்த மொத்தத்தை விரலால் அழித்தாள். புதிதாக எழுதினாள்.

மொத்த ஆட்கள்: நாற்பத்து மூன்று.
நாள் கிடைத்தவர்கள்: முப்பத்தொன்று.
பாக்கி: பன்னிரண்டு.