என்னைப் பற்றி யாரிடம் கேட்பது

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ஒரு கேள்வித்தாளில் ‘என்மீது எனக்கு மதிப்பு இருக்கிறது’ என்றொரு வரி. எதிரே ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்கள். பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஐந்தைச் சுழித்துவிட்டு எழுந்து போனார். நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும், எனக்குப் பதிலாகத் திணற ஒருத்தியை உண்டாக்கினேன்.

2

‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு—’

வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகள் என்னிடம் ஏற்கெனவே நான்கு இருக்கின்றன.

அவள் மொழிபெயர்ப்பாளர். வெளிநாட்டில், பல தேசத்தவர் வேலை பார்க்கும் பெரிய மருத்துவமனை. சுயமதிப்பு மனிதருக்கு எதற்கு, எல்லா ஊரிலும் அது ஒரே வேலையைத்தான் செய்கிறதா என்று ஒருவர் அங்கே ஆய்வு செய்கிறார். அவர் கேட்பதைத் தன் மொழிக்காரர்களுக்குச் சொல்லி, பதிலை வாங்கித் தருவது அவள் பொறுப்பு.

அன்று சலவைப் பிரிவிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பதினெட்டு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிப்பவர். விரல் நுனியெல்லாம் சூட்டில் வழவழத்துப் போயிருந்தது. ஆறு கேள்விகளுக்குக் கடகடவென்று பதில் சொன்னார். ஏழாவதில் நின்றுவிட்டார்.

“என்மேல எனக்கு மதிப்பா? இத நான் எப்படிம்மா சொல்றது? என்கூட வேலை பாக்குறவங்களக் கேளு. என் தங்கச்சியக் கேளு.”

“உங்களத்தான் கேக்கச் சொல்றாங்கம்மா.”

“நானே சொல்லிக்கிட்டா அது செல்லுமா?”

ஆய்வாளர் பொறுமையிழந்து, “ஒன்று என்று போட்டுவிடுங்கள். தாழ்வு மனப்பான்மை,” என்றார்.

[குறிப்பு: ‘சுயமதிப்பு’ புத்தகச் சொல். எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ‘அவனுக்கு நாலு பேர்கிட்ட மதிப்பு இருக்கு’ என்பார்கள். சிலர் தங்கள் மதிப்பைக் கையோடு வைத்திருக்கிறார்கள். சிலருடையது அடுத்தவர் வீட்டில் இருக்கிறது. போய்த்தான் பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கும் அது சொல்வது ஒன்றையே என்று நினைக்கிறேன்: உனக்கு இங்கே இடம் இருக்கிறது. இதைக் கட்டுரையாக எழுதியிருக்கலாம். கட்டுரைக்கு அழ வராது.]

3

அவள் ஒன்று போடவில்லை. “இவங்க தங்களக் குறைச்சலா நினைக்கல சார். கேள்விதான் ஆள் மாறி வந்திருக்கு,” என்றாள். எண் இல்லாத தாள் செல்லாது என்று அவர் அதை ஓரமாக வைத்தார். அம்மாளுக்கு அதில் வருத்தமே இல்லை. “மெஷின் ஓடிட்டிருக்கு, வரேம்மா,” என்று கிளம்பிவிட்டார்.

வருத்தம் இவளுக்குத்தான். என் தங்கச்சியைக் கேளு என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

இவளுக்கு ஓர் அக்கா உண்டு. நான்கு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த ஏழு மாதமும் அக்கா ஒருத்தியே பார்த்தாள். இவள் ‘அடுத்த மாசம் வரேன்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா போன பிறகுதான் போய் இறங்கினாள். வாசலில் அக்கா, “இனிமே வந்து என்ன?” என்றாள். அவ்வளவுதான்.

(இவள் போகாததற்கு விடுப்பு, விசா என்று வலுவான காரணம் வைக்கப் பார்த்தேன். பொய்யாக வந்தது. அப்பாவை அந்த நிலையில் பார்க்கப் பயந்தாள். அதனால் போகவில்லை.)

சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டாள். நான்கு முறை மணி அடித்த பிறகு அக்கா எடுத்தாள்.

“யாரு?”

“நான்தான்க்கா.”

இவள் படியில் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அக்கா... ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் எப்படிப்பட்டவ?”

4

முதலில் அக்காவை “சாப்ட்டியா?” என்று கேட்க வைத்தேன். கண் கலங்கியது. என் கண். அதனாலேயே அந்த வரியை அடித்துவிட்டேன்.

பிறகு “உனக்கு இப்பத்தான் தோணிச்சா?” என்று சொல்லிப் போனை வைத்துவிடுவதாக எழுதினேன். அது நியாயம். ஆனால் அதற்குப் பின் இவளைப் படிக்கட்டிலிருந்து எழுப்ப என்னால் முடியவில்லை.

“எப்ப வரே?” என்பதை எழுதவேயில்லை. எனக்கு வேண்டியது அதுதான். கதைக்கு வேண்டியதா என்று தெரியவில்லை.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவே. அக்கா போனை வைக்கவில்லை. அவள் மூச்சு கேட்கிறது. இவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறாள். இடைவேளை முடிய இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது.

இவள் இடத்தில் நீங்கள் யாரைக் கூப்பிட்டிருப்பீர்களோ, அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்குத்தான் தெரியும். அக்காவுக்குப் பதிலாக அவரைச் சொல்லவிடுங்கள்.