ஒன்பது துருக்கிப் பீங்கான்கள்

சரோஜினிதேவி சோற்றில் மீன்தலையைப் பிசைந்து, சிவப்புப் பூப்போட்ட பீங்கான் தட்டில் அள்ளி வைத்து நாயைக் கூப்பிட்டாள். அப்பாவுக்குக் கடுமை என்ற தந்தி கண்டு கொழும்பிலிருந்து வந்த மகள் சத்தியபாமா, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, அது அப்பான்ர பீங்கான்."

"ஓம். நாய்க்கென்ன தெரியும்?"

அப்பாவின் கட்டிலை அம்மா ஜன்னலோரம் திருப்பிப் போட்டிருந்தாள். படுத்தபடியே பின்வளவு முழுவதும் தெரியும். பாரிசவாதம் விழுத்திய இந்த ஆறு கிழமையில் பல் வைத்தியர் நவரட்ணராஜாவுக்கு மிஞ்சியிருந்தவை கண்களும் இடது கையில் இரண்டு விரல்களும்தான். அந்தக் கண்கள் நாயின் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தன.

பாமா நாயை விரட்டிவிட்டுப் பீங்கானை எடுத்துப் போய்க் கழுவினாள். அம்மா தடுக்கவில்லை.

"கழுவு. பின்னேரம் திரும்ப வைக்கத்தானே வேணும்."

வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் துரைசாணி, நாடு திரும்புகிறபோது அப்பாவுக்கு நன்றிக்காகக் கொடுத்துவிட்டுப் போன பீங்கான் அது. இஸ்னிக் என்ற துருக்கி ஊரில் முந்நூறு நானூறு வருஷங்களுக்கு முன் செய்தது என்று அவர் புத்தகங்களைப் புரட்டிக் கண்டுபிடித்தார். அன்று பிடித்த பைத்தியம் விடவில்லை. துரைமார் பங்களாக்களின் ஏலம், கொழும்பின் பழம்பொருள் கடைகள் என்று அலைந்து பத்து வருஷத்துக்குள் ஒன்பது சேர்த்துவிட்டார். "கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார் பிள்ளை, சிவப்பு மட்டும் விரலுக்குத் தட்டுப்படும்" என்பார். உண்மைதான். மற்ற நிறங்களெல்லாம் கண்ணாடிக்குள் கிடக்க, சிவப்பு மட்டும் தடித்து எழும்பி நிற்கும். அவற்றைத் தொட வீட்டில் வேறு யாருக்கும் அனுமதி இல்லை. தூசு துடைப்பதற்கு மட்டும் அம்மா தொடலாம்.

அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலருகே உட்கார்ந்தாள். ஒரு கரண்டி அள்ளி அவருடைய உதட்டருகே பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்ர அக்கான்ர பேர் என்ன?"

அப்பாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. சத்தம் வரவில்லை. அம்மா பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு கரண்டியை வாய்க்குள் வைத்து, வழிந்ததைத் துடைத்துவிட்டு, அடுத்த கரண்டியை அள்ளினாள்.

"சொல்லுங்கோ. என்ர அக்கான்ர பேர் என்ன?"

"அம்மா, என்ன இது?"

"கதைக்கப் பழக்கச் சொல்லி டொக்டர்தான் சொன்னவர். நான் பழக்கிறன்."

பாமா சுவரைப் பார்த்தாள். மற்ற எட்டுப் பீங்கான்களும் வரிசை குலையாமல் தொங்கின.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவர்கள் இதே அம்பிட்டிய ஊரில் வேறொரு வீட்டில் இருந்தார்கள். அம்மாவின் அக்கா இராசமணியும் கூடவே இருந்தாள். இளம்பிள்ளைவாதத்தில் ஒரு கால் சூம்பியவள். பாமாவைத் தூக்கி வளர்த்தவள். சந்தியில் கடைகள் எரியத் தொடங்கியதும், திகனயில் இரும்புக்கடை வைத்திருந்த ஜவாஹிர் ஹாஜியார் தன் சின்னக் காரைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அப்பா அவருக்குப் பல் கட்டிவிட்ட பழக்கம்தான். அப்பா பீங்கான்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். ஒன்று பின் சீட்டில் ஏறியது. மற்றது பாமாவின் மடியில்.

"இடம் இல்லை. ஹாஜியார் அரை மணித்தியாலத்தில திரும்பி வருவார். ராசமணி அடுத்த முறை ஆறுதலா வரட்டும்" என்றார் அப்பா.

"பெட்டியை இறக்குங்கோ" என்று அம்மா கத்தினாள். இறங்குவதற்குக் கதவைத் திறந்தாள். அப்பா முன் சீட்டிலிருந்து எட்டி அதை இழுத்துச் சாத்த, கார் நகர்ந்துவிட்டது. பெரியம்மா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போ, போ என்று கை காட்டினாள்.

பத்தொன்பது வயதுப் பாமா ஒன்றும் பேசவில்லை. வளைவுகளில் குலுங்காதபடி பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

அவர்களைத் திகனயில் தன் வீட்டில் இறக்கிவிட்டு, ஹாஜியார் உடனேயே திரும்பிப் போனார். பாலத்தடியில் மறித்து அடித்தார்கள். உடைந்த கண்ணாடியும் நெற்றியில் இரத்தமுமாக அவர் திகன வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பா வரவேற்பறையில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். "ஒண்டும் உடையேல்லை" என்றார், நிமிர்ந்து பார்க்காமலேயே. மூன்றாம் நாள் பொலிஸ் வண்டியில் போய்ப் பார்த்தார்கள். வீடு கரிக்குவியலாகக் கிடந்தது. பின்னாலிருந்த கக்கூசுக்குள், உள்ளே கொண்டி போட்டபடி, இராசமணி மூச்சடைத்துச் செத்திருந்தாள்.

இந்த வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் செய்தது, சுவரில் ஒன்பது ஆணி அடித்ததுதான். அதன்பிறகு ஆறு வருஷம் அம்மா நாள்தோறும் அவற்றைத் துடைத்தாள், சமைத்தாள், அவருடைய உடுப்புகளை மடித்து வைத்தாள். அக்காவைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அவர் விழுந்த பிறகுதான் கேட்கத் தொடங்கினாள்.

கிண்ணம் பாதி குறைந்திருந்தது. அப்பாவின் தொண்டையில் ஏதோ உருண்டது. அம்மா கரண்டியை இறக்கிவிட்டுக் குனிந்தாள். பாமாவும் கிட்ட வந்தாள். அவருடைய கண்கள் பெருகி வழிந்தன.

"பெ… பெட்…டி."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"பெட்டி."

"கேட்டனியே? ஆறு கிழமை காத்திருந்தன். வாய் திறந்து கேக்கிறது பெட்டியைத்தான்."

"அம்மா, அண்டைக்குச் செய்ததைத்தான் சொல்ல வாறாரோ தெரியாது. பெட்டியை இறக்கியிருக்கலாம் எண்டு…"

"எனக்கு அவரைத் தெரியும். நீ சும்மா இரு."

அம்மா மிஞ்சிய கஞ்சியைக் கொண்டுபோய் நாய்க்கு ஊற்றினாள். பாமா கழுவிய பீங்கானைக் கொண்டு வந்து, அப்பாவின் இரண்டு விரல்களையும் சிவப்பின்மேல் வைத்தாள். விரல்கள் அசையவில்லை. அவர் மகளின் முகத்தையே பார்த்தார். என்ன வேண்டுமென்று அவளுக்கு விளங்கவில்லை. மத்தியானம் திரும்புமுன் மூச்சு நின்றது. பாமா கூப்பிட்ட பிறகும் அம்மா அவித்துக்கொண்டிருந்த பருப்பை இறக்கி வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

அது எண்பத்தொன்பதாம் ஆண்டு. எந்த நேரம் ஊரடங்கு வருமென்று யாருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரும் வர முடியவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கே மலர்ச்சாலையிலிருந்து சவப்பெட்டி வந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் நாலைந்து பேரும் ஹாஜியாரும்தான். ஐயர் அவசர அவசரமாகக் கிரியையை முடித்தார். வாய்க்கரிசி போட்டாயிற்று. மூடியைத் தூக்கியபோது அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பிள்ளை, சுவரில இருக்கிறதைக் கழட்டிக் கொண்டு வா."

பாமா அசையாமல் நின்றாள்.

"உனக்குத்தான் சொல்லுறன். கவனமா எடு. அண்டைக்குக் கவனமாத்தானே பிடிச்சனீ."

பாமா எட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, அப்பாவின் கட்டிலில் கிடந்த ஒன்பதாவதையும் சேர்த்துக் கொடுத்தாள். அம்மா வாங்கி, அப்பாவின் இடுப்போரமும் கைப்பக்கமும் செருகினாள். இரண்டைக் கால்களுக்கிடையில் நிறுத்தினாள். கடைசிப் பீங்கான் இறங்கவில்லை.

"தங்கச்சி," ஹாஜியார் மெதுவாகச் சொன்னார், "நெருப்புல வெடிச்சிப் போகுமே. டொக்டர் உசிரா வெச்சிருந்த சாமான்."

"அதுதான் கூடப் போகட்டும்." அவள் மலர்ச்சாலைக்காரனைப் பார்த்தாள். "காலை ஒருக்கா மடக்கி விடுங்கோ தம்பி. இடம் வரும்."

அவன் தயங்கினான். அம்மா குனிந்து, விறைத்த முழங்காலைத் தானே இரண்டு கையாலும் அமுக்கினாள். ஏதோ முறிந்த மாதிரிச் சத்தம் கேட்டது. பீங்கானா எலும்பா என்று யாரும் பார்க்கவில்லை. ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூடி இறங்கியது.

ஆம்பிளைகள் சுடலைக்குப் போனார்கள். வந்த பெண்கள் ஊரடங்குக்குப் பயந்து அப்படியே கலைந்தார்கள். வீட்டைக் கழுவிவிட்ட பிறகு அம்மா முதலில் முழுகினாள். அடுத்துப் பாமா முழுகப் போனாள். வெளியே மழை தொடங்கியிருந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தபோது, அம்மா முன்னறையில் பாயை விரித்து நடுவில் படுத்திருந்தாள். இருவர் தாராளமாகப் படுக்கக்கூடிய பாய். பாமா இரவு முழுக்கக் கண் மூடவில்லை. பாயின் விளிம்பில் போய் நின்றாள்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்கோவன் அம்மா."

அம்மாவின் கண்கள் திறந்துதான் இருந்தன. அவள் நகரவில்லை.  பாமா சுவரோரம் போய், கழுவிய ஈரம் காயாத சீமெந்துத் தரையில் உட்கார்ந்தாள்.