பெரியப்பா மகன்

என் அண்ணன் அரச பரம்பரை ஆகிவிட்டான். போன மாதம் வரைக்கும் டைல்ஸ் கடை முதலாளியாக இருந்தான். எங்கள் குடும்பத்துக்கு அதுவே கொஞ்சம் அதிகம். இப்போது ஒரு ராஜாவின் நேர் வாரிசாம். எந்த அம்மாதான் பெற்ற பிள்ளையை மடியில் போட்டு ராஜா, ராஜா என்று கொஞ்சவில்லை? இவன் ஒருத்தன்தான் அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டான்.

அன்று மத்தியானம் ஒரு நீளச் சுருளைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் கடைக்குள் நுழைந்தான். என்னுடையது படங்களுக்குச் சட்டம் போடும் கடை. அப்பா ஆரம்பித்தது. அவர் போன பிறகு நான் நடத்துகிறேன். கல்யாணப் படம், பட்டச் சான்றிதழ், செத்தவர் படம் எல்லாம் இந்த மேஜையைத் தாண்டித்தான் கண்ணாடிக்குள் போகும். கடைக்குப் பின்னால் இரண்டு அறை. அதில் அம்மாவும் நானும் இருக்கிறோம்.

"சாயங்காலத்துக்குள்ள ஃப்ரேம் போட்டுடு. தங்கக் கலர், நல்லா அகலமா இருக்கட்டும்," என்றான். "நாளைக்கு வாரிசுகள் சங்கத்துல கூட்டம். மேடையில இத வச்சுத்தான் என்னைத் தலைவராப் போடப்போறாங்க."

சுருளை விரித்து நான்கு மூலையிலும் கனம் வைத்தேன். மரம் போல ஒரு படம். உச்சியில் கிரீடம் வைத்த ராஜா. ஒவ்வொரு கிளையிலும் ஓர் ஆண் பெயர். ஒரு பெண் பெயர்கூட இல்லை. ஆண்களே ஆண்களைப் பெற்று, பால் கொடுத்து, வளர்த்து ஆளாக்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது. இதற்கே எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் வேலை வேலைதானே என்று அளவு நாடாவை எடுத்தேன்.

கடைசிக் கிளையில் அண்ணனின் படம், கோட் போட்டுக்கொண்டு. அதற்கு மேல் அப்பா இருக்க வேண்டிய இடத்தில் பெரியப்பாவின் படம் இருந்தது.

பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன் இல்லை. அம்மாவின் அக்கா வீட்டுக்காரர். அவர் குடும்பம் வேறு, வழி வேறு. பிள்ளை இல்லாமல் பெரியம்மா முதலில் போனார், பின்னால் அவரும் போனார்.

"இது யாரு உனக்கு மேல?"

"பெரியப்பா."

"கண்ணு தெரியுது எனக்கு. அப்பா எங்க?"

அண்ணன் போனை எடுத்துப் பார்த்தான். "அப்பா லைன் வொர்க் அவுட் ஆகல," என்றான்.

அப்படியே சொன்னான். குழாய் லைன் மாதிரி.

விஷயம் இதுதான். பரம்பரை பார்த்துக் கொடுக்கும் ஆள் ஒருவரை அவன் பிடித்திருந்தான். அவர் பழைய ஆவணங்களையெல்லாம் புரட்டி, அப்பா வழியில் மேலே மேலே போய், அரண்மனை லாயத்தில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிய ஒருவரிடம் நின்றுவிட்டாராம். கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. குதிரைக்காவது தாகம் தீர்ந்திருக்கும். அண்ணனுக்கு அது போதவில்லை. பெரியப்பா வழி ராஜா வரைக்கும் போகிறதென்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். அங்கே பிள்ளை இல்லாமல் ஒரு இடம் காலியாக இருந்தது. இவன் போய் உட்கார்ந்துகொண்டான்.

"கடைசி காலத்துல அவரே சொன்னாரு, நீதான்டா எனக்குப் புள்ள மாதிரின்னு."

"மாதிரின்னுதானே சொன்னாரு?"

"சங்கத்துல பாதிப் பேரு இப்படித்தான் பண்ணியிருக்காங்க. ஒரே ஒரு பேரு. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இவனைப் பார்த்து, நீ உன் அப்பனுக்குப் பிறந்தவன் இல்லை என்று சொன்னதற்கு அவன் பல்லை உடைத்துவிட்டு வந்தவன் இவன். அப்பா தலைமை ஆசிரியர் முன்னால் கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டார். அதே வார்த்தையை இப்போது இவனே ஆள் வைத்து எழுதி, வழவழப்பான தாளில் அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறான்.

"அண்ணா, உனக்கு மூளை இருக்கா? சங்கத்துல இருக்கிறவங்க பெரியப்பா வழிச் சொந்தக்காரங்க. நீ யார் வயித்துல பொறந்தேன்னு அவங்களுக்குத் தெரியும். அப்பா இடத்துல அம்மாவோட அக்கா புருஷனை வச்சா அம்மாவை என்னன்னு பேசுவாங்க?"

"அம்மா பேரே அதுல இல்லையே," என்றான் நிம்மதியாக.

பெண்கள் பெயரைப் போடாவிட்டால் பெண்களுக்கு ஒன்றும் ஆகாது என்று என் அண்ணன் உண்மையிலேயே நினைத்திருக்கிறான். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. எதிர்க்கடைக்காரர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். பின் அறையிலிருந்து அம்மாவும் வந்துவிட்டாள்.

"என்னடி சத்தம்?"

 அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜை மேல் குனிந்தாள். ராஜாவில் தொடங்கி ஒவ்வொரு பெயராக விரல் வைத்து இறங்கி வந்தாள். பெரியப்பாவின் முகத்தில் விரல் நின்றது. பிறகு அண்ணன் படத்துக்கு வந்தது. மறுபடி மேலே போனது.

"அம்மா, அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி..."

அம்மா நிமிர்ந்தாள். பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"உக்காருங்க தம்பி," என்றாள்.

அவனைப் பிறந்ததிலிருந்து டா போடாமல் கூப்பிட்டதில்லை அவள்.

"அம்மா, என்ன விளையாட்டு இது?"

"சித்தின்னு கூப்பிடுங்க. நீங்க எங்க அக்கா பையன்ல. அக்கா இருந்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பா, பாவம். ஒரு புள்ளைக்காக எவ்வளவு அழுதிருப்பா." அம்மாவின் குரலில் கோபமே இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி இருந்தது. "தண்ணி குடிக்கிறீங்களா தம்பி?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கத்தியை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினேன். "அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டு. அப்பா படத்தை நான் ஒட்டித் தரேன். பின்னாடி அட்டை வச்சா வெட்டினதே தெரியாது."

அவன் கை கத்தி வரைக்கும் வந்தது. பொய் சொல்லவில்லை, வந்தது. அப்போது போன் அடித்தது.

"வந்துட்டே இருக்கேன் செயலாளரே. ஃப்ரேம்தானே? ஆயிடுச்சு, ஆயிடுச்சு."

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு கனங்களை ஒவ்வொன்றாக எடுத்தான். தாள் தானாகவே சுருண்டுகொண்டது.

"இந்தக் கடையில அப்பா இல்லாத படத்துக்குச் சட்டம் கிடையாது," என்றேன்.

"ஊர்ல உன் கடை ஒண்ணுதான் இருக்கா?"

சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவன் திரும்பினான். அம்மா அந்த நாற்காலியைப் பிடித்தபடியே நின்றிருந்தாள். அவனுக்கு ஏதோ சமாதானம் செய்துவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். சின்ன வயதில் அம்மாவைக் கிண்டல் செய்யும்போது சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தான்.

"சரி, வரேன் சித்தி. போதுமா?"

"போயிட்டு வாங்க," என்றாள் அம்மா.

அவன் கார் தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். உறவே வேண்டாம் என்று தலைமுழுகலாம் என்றால், பெரியம்மா மகனும் எனக்கு அண்ணன்தான். எந்தப் பக்கம் போனாலும் அவனிடமிருந்து எனக்கு விடுதலை இல்லை. அதை நினைக்க இன்னும் ஆத்திரம் வந்தது. கையில் கிடைத்த சட்டத்தைத் தரையில் ஓங்கி அடித்தேன்.

அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்காகத் துடைத்து வைத்த நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள்.

"சித்தின்னு சொல்ல அவனுக்கு வாய் வராதுன்னு நெனச்சேன்டி," என்றாள்.