ஆழம் கேட்ட படம்

தம்பி கதை எழுதிய படம் வெளியான அன்று அவள் ஆஸ்பத்திரியில் அரை நாள் விடுப்புப் போட்டாள். இருபது வருடமாக எக்ஸ்ரே அறையில் "மூச்சை இழுத்துப் பிடிங்க, இப்ப விடலாம்" என்று சொல்லிச் சொல்லியே பிழைப்பை ஓட்டியவள், அந்த ஒரு வாரமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தம்பி பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். விண்வெளிக் கப்பல் படம், எழுதினது எங்க வீட்டு வாண்டு என்று. வாண்டுவுக்கு நாற்பது வயது ஆகிறது. வீட்டில் வைத்த பெயருக்கு மட்டும் வயசு ஏறவில்லை.

படத்தைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் முன்பே தெரியும். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அவளுடைய சமையலறையில் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தயாரிப்பாளர் கதையைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். துரத்தல் இருக்கிறது, வெடி இருக்கிறது, ஆழம்தான் இல்லை. ஜனங்கள் வீட்டுக்குப் போன பிறகும் மனசை அறுக்கிற மாதிரி ஒரு நீதி வேண்டும் என்றாராம்.

"பாவம்டா ஜனங்க. வாரம் பூரா மாடா உழைச்சிட்டு வர்றாங்க. ரெண்டரை மணி நேரம் கப்பல் பறக்கறதைப் பார்த்துட்டுப் போகட்டுமே. அதுல எதுக்கு நீதியும் கத்தரிக்காயும்?" என்றாள் அவள்.

அவன் சிரித்துவிட்டு, இரண்டாவது முறையாக டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

மத்தியானக் காட்சிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். மகளுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருடம். இடைவேளை வரைக்கும் இரண்டு பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். கப்பல்கள் கோள்களுக்கு நடுவே சந்து பொந்தெல்லாம் புகுந்து பறந்தன. மாமா பின்னிட்டாரும்மா என்று மகள் காதில் சொன்னாள்.

இடைவேளைக்குப் பிறகுதான் அது வந்தது. கப்பலின் கேப்டன் ஒரு பெண். அவளுடைய கூட்டாளி அடிபட்டு, தள்ளி மிதக்கும் ஒரு சின்னக் கலத்தில் படுத்துக் கிடக்கிறான். வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் ரேடியோவை அழுத்தி அழுத்தி அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். விளக்கில் கண் கூசுகிறது, தலையணை நழுவிவிட்டது, தண்ணீர் எட்டவில்லை. கேப்டனுக்குப் பொறுமை போய்விடுகிறது. ரேடியோவை அணைத்துவிட்டுக் கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய், ஒரு இளைஞனோடு குடித்துச் சிரித்து இரண்டு மணி நேரத்தைக் கழிக்கிறாள். திரும்பி வந்து ரேடியோவைப் போட்டால் திரையில் 'பதினேழு அழைப்புகள்' என்று எழுத்து ஒளிர்கிறது. அந்தப் பக்கம் குரல் இல்லை.

பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தப் பதினேழு தெரிந்த எண்தான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவளுடைய கணவர் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து, மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார். இடது கைக்குப் பக்கத்தில் போனை வைத்துவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போவாள். மின்விசிறிக்கு, தலையணைக்கு, சும்மா எங்கே இருக்கிறாய் என்று கேட்க, ஒரு நாளைக்கு நாற்பது முறை கூப்பிடுவார். ஒரு நாள் இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் அவளுக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. போனை அணைத்தாள். அன்றைக்குத்தான் அவருக்கு இரண்டாவது தடவை வந்து உயிர் போனது. அவர் போனில் பதினேழு அழைப்புகள். போனில் சார்ஜ் இல்லை என்று எல்லாரிடமும் சொன்னாள், பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அழுத மகளிடமும். உண்மையை ஒரே ஒருவனிடம்தான் சொன்னாள். அவன் அவள் தலையைத் தடவி, "உன் மேல தப்பே இல்லக்கா" என்று கூடவே அழுதான்.

இப்போது திரையில் கேப்டனை நடுவில் நிறுத்தி விசாரிக்கிறார்கள். கடைசியில் ஒரு கிழட்டு ரோபோ முன்னால் வந்து தீர்ப்பு சொன்னது. "அவனைக் கொன்னது காயம் இல்ல. காதை மூடிக்கிட்டவதான் கொன்னா." அரங்கம் முழுக்கக் கைதட்டல். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

மகள் கைதட்டவில்லை. அவள் பார்வை திரையில் இல்லை, அம்மாவின் மேல் இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றதும் கேட்டாள். "அன்னைக்கு உன் போன்ல சார்ஜ் இல்லைன்னுதானே சொன்னே?"

பொய்யை இன்னொரு முறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "இருந்தது" என்றாள்.

"மாமாவுக்குத் தெரியும். இப்ப தியேட்டர்ல இருக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

பஸ் வந்தது. மகள் முன்னால் ஏறி, பக்கத்தில் இடமில்லாத இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஊரே அந்தப் படத்தைப் பற்றித்தான் பேசியது. நோயாளியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ், கப்பல் படம்னு நினைச்சுப் போனா கண்ணைத் திறந்துவிட்டுட்டாங்க என்றாள். அந்தக் கேப்டனைத் தூக்கில் போட்டாலும் தகும் என்றாள். உங்க தம்பிக்கு எவ்வளவு பெரிய மனசு என்றாள். அவள் நோயாளியின் தோளைப் பலகையோடு சேர்த்து வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். படம் கலங்கி வந்தது. திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவன் இனிப்புப் பெட்டியோடு வந்தான். அவள் அதை வாங்கவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை. அவனே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பேர் இல்லை, ஊர் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஆரம்பித்தான். மகளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவள் சொன்னதும் இனிப்புப் பெட்டியைத் தரையில் வைத்தான்.

"தப்பே இல்லைன்னு சொன்னியேடா. அப்புறம் எப்படி அவளைக் கொலைகாரியாக்குனே?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். முதலில் கேப்டனை மன்னித்துத்தான் எழுதினானாம். மன்னித்தால் நீதி எங்கே என்று கேட்டார்களாம். யாராவது ஒருத்தர் குற்றவாளி ஆனால்தான் ஜனங்களுக்கு மனசில் தைக்கும் என்றார்களாம். குடித்துச் சிரித்ததும் அதற்காகத்தான் சேர்த்தானாம்.

"ஆழம் வேணும்னா உன்கிட்டயே தோண்டியிருக்கலாமே? உன் தப்பு ஒண்ணை எழுதியிருக்கலாமே?"

"என்கிட்ட அவ்ளோ பெருசா எதுவும் இல்லக்கா."

"இப்ப இருக்கு" என்றாள் அவள்.

அவன் இனிப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டான். பிறகு எழுந்து போனான். அவள் வாசல் வரைக்கும் போகவில்லை. அதற்குப் பிறகு அவன் அனுப்பிய செய்திகள் எதற்கும் பதில் போடவும் இல்லை. படம் நூறு நாள் ஓடியது. ஆழமான படம் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு விழாவில் பரிசு வாங்கி, இந்தக் கதையை என் அக்காவுக்குக் காணிக்கையாக்குகிறேன் என்று அவன் பேசினானாம். அதையும் நர்ஸ்தான் வந்து சொன்னாள்.

மகள் ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விடுவாள். பத்தாம் நாள் காலையில், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அந்த ரெண்டு மணி நேரம் நிஜமா என்ன பண்ணே? படத்துல வந்த மாதிரியா?"

"இல்ல. ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு பெஞ்சு இருக்கு. அங்க உட்கார்ந்தேன். தூங்கிட்டேன்."

"தூங்குனியா?"

"உட்கார்ந்தபடியே தூங்கிட்டேன்."

மகளின் முகத்தில் கோபம் போகவில்லை.

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, குவியலிலிருந்து ஒரு துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.